ரோனியோ மை

தன்னாமுனை, மிசன் வீட்டுப் பின்னறை.
லூக்காஸ் கைப்பிடி சுற்றினான்,
கோணேஸ் மை ஊற்றினான்,
நான் தாள் எண்ணினேன்.

லெம்பேட் சுவாமி சொன்னார்:
“யேசு காய்ச்சல்ல சாகல்ல மனே,
அரசாங்கம் கொன்டது.”
போ என்றும் சொல்லவில்லை,
இரு என்றும்.

அந்த ஒரு வசனத்தோடு
லூக்காஸ் ஓர் இயக்கத்துக்குப் போனான்,
கோணேஸ் இன்னொன்றுக்கு.
எனக்குப் பயம். சோதனை எழுதினேன்.

சித்திரையில், வாவிக்கரையில்
கோணேசைச் சுட்டது லூக்காஸின் ஆட்கள்.
ஐப்பசியில் லூக்காஸ்.

இரண்டு குழியருகிலும் நின்றார் சுவாமி,
அங்கிக் கையோரம் கழுவியும் போகாத மையோடு.
யார் கொன்றது என்று
அன்றைக்குச் சொல்லவில்லை.

மாற்றலாகிப் போகுமுன் ஒருநாள்
என் வீட்டுக்கு வந்தார்.
கேட்க எனக்கு ஒன்றிருந்தது.
அவருக்கும் இருந்திருக்கும்.

பிளேன்ரீக்குச் சீனி போதுமா
என்றுதான் கேட்டேன்.