இரண்டு தரம்

வில்லிவாக்கம் கேட்டுக்கு இந்தப் பக்கம்
தகரக் கூரை காயத் தொடங்கும் பத்தரை மணிக்குக்
கயிறு கட்டி இழுத்து வந்தார்கள் அந்த எஸ்டீமை.
இரண்டாயிரத்து மூன்று மாடல். வெள்ளி நிறம்.
பானெட்டில் மட்டும் வெயில் தின்ற வெள்ளை.

"காலையில எடுக்கவே மாட்டேங்குது.
அவர் இருந்தப்போ ஒழுங்காத்தான் இருந்துச்சு."
இருந்தப்போ என்ற சொல்லுக்குள்
சார்ஜா இருக்கலாம், வேறு வீடு இருக்கலாம்,
மாலை போட்ட படமும் இருக்கலாம்.
நான் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் நாலு பேர் நாலு சொல்லியிருந்தார்கள்:
பேட்டரி, பிளக், பங்க்கில் கலந்த தண்ணீர்,
வண்டியே வயசாகிப்போச்சு, தள்ளிவிடுங்க.

சாவியை ஆனில் வைத்தேன்.
பின்சீட்டுக்கடியில் பம்பு இரண்டு நொடி முனகி ஓய்ந்தது.
மூடினேன். மறுபடி ஆன். மறுபடி முனகல்.
அப்புறம் திருப்பினால்
பட்டென்று பிடித்தது.

"இப்படித்தான் பண்ணுவார்" என்றார் அந்தம்மா.
"ரெண்டு தரம்.
சாமி கும்பிடுறார்னு நெனச்சேன்."

கேஜை மாட்டினேன். இரண்டே முக்கால் கிலோ.
ஓடும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை.
இந்த வியாதி ஓட்டத்தில் தெரியாது;
நிறுத்திய பிறகு
எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்பதில் தெரியும்.

நிறுத்தினேன்.
முள் இறங்கியது, அவசரமில்லாமல்,
பத்தாம் தேதிக்கு மேல் சம்பளம் இறங்குவதுபோல.

ரிட்டர்ன் ஹோஸை நெரித்துப் பிடித்தேன். இறங்கியது.
ரெகுலேட்டரின் வேக்கம் குழாயை உருவி மோந்தேன்,
காய்ந்த ரப்பர் வாசம், பெட்ரோல் இல்லை.
பிளக் நான்கையும் கழற்றினான் பக்கிரி. ஒன்றும் நனையவில்லை.
மறுபடி பிரஷர் ஏற்றி
டேங்க்கிலிருந்து வரும் ஹோஸை நெரித்தேன்.

நின்றது.
அரக்கோணம் லோக்கல் தடதடத்துக் கடந்தபோது
முள் நடுங்கியது. இறங்கவில்லை.
"ஆம்புட்டுக்கிச்சுண்ணே" என்றான் பக்கிரி.

பின்சீட்டைத் தூக்கினோம்.
கடலைத் தோல், ஒரு ரூபாய்,
பனகல் பார்க் பார்க்கிங் சீட்டு.
பம்பு மூடியில் மூன்று ஸ்க்ரூ துரு.
நாலாவது புதுசு, தலையே வேறு.
யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள்.
மூடியின் மேல் மார்க்கரில் போன ஆகஸ்டுத் தேதி,
கீழே கிலோமீட்டர்: 1,17,470.

உள்ளே பேர் போடாத பம்பு.
தள்ளத் தெரியும், தள்ளியதைத் தாங்கத் தெரியாது.
பட்டாணி அளவு வால்வு ஒன்று
சரியாக உட்காராமல் இரவெல்லாம்
டேங்க்குக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்தம்மா குனிந்து பார்த்தார், வெகுநேரம்.
"ஏழுக்கு நடுவுல கோடு போடுறது அவர்தான்.
அப்போ தெரிஞ்சிருக்கு."

நான் ஸ்பேனரைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பவும்.
என்னவென்று சொல்ல?
காசில்லாமல் விட்டிருக்கலாம்,
அடுத்த மாசம் பார்த்துக்கலாமென்று விட்டிருக்கலாம்.
தினம் காலை இரண்டு நொடி, இன்னொரு இரண்டு நொடி,
ஒரு மனிதன் பழுதைத் தன் கையில் வைத்தே
ஓட்டியிருக்கிறான்.
கை போனது. பழுது மிஞ்சியது.

புதுப் பம்பு ஏறும்போது மணி மூன்று.
நிறுத்திவிட்டு மூவரும் டீயோடு முள்ளைப் பார்த்து நின்றோம்.
டீ ஆறியது. முள் அப்படியே.
"இனிமே ஒரு தரம் திருப்பினா போதும்" என்றேன்.
தலையாட்டினார்.

"பழசைக் காயலான்கடைக்குப் போட்டுடவா?"
"பையில குடுங்க."
"வீடெல்லாம் பெட்ரோல் நாறும்மா."
"நாறட்டும்."

மூடியை அந்தப் புதுத்தலை ஸ்க்ரூவோடே பூட்டினேன்.
மார்க்கர் எழுத்தைத் தின்னரால் துடைக்கப் போன
பக்கிரியின் கையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் எட்டு மணி, ஒன்பது மணி,
போன் வரவில்லை.
எங்கள் தொழிலில் அதுதான் சேதி.