செயலாளர் நோட்டு

மன்றத்துக்குச் செயலாளர் வேண்டும் என்றார் ஞானசௌந்தரி மேடம்.
வகுப்பே குனிந்து மேசையைப் படித்தது.
என் பேனா உருண்டு கீழே விழ
எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.
தேர்தல் முடிந்துவிட்டது.

கைக்கு வந்தது ஒரு நீளநோட்டு.
அட்டையில் இரத்ததான மன்றம்,
உள்ளே போன வருடத்து ஸ்டெல்லா அக்காவின் சாய்ந்த எழுத்து:
பெயர், துறை, பிரிவு, செல் நம்பர்.
நான்கே கட்டம்.
போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆடியில் தலைமைப் பண்புப் பயிலரங்கம்.
சென்னையிலிருந்து வந்தவர்
பழைய செய்தித்தாளில் கோபுரம் கட்டச் சொன்னார்.
எங்களுடையது முதலில் சாய்ந்தது.
"தோல்வியிலிருந்து என்ன கற்றீர்கள்?"
"பசை பத்தல சார்" என்றான் வரலாற்றுத் துறை அழகுமலை.
மதியம் தக்காளி சாதம்.
சான்றிதழில் மரகதவல்லி
மரகதவள்ளி ஆகியிருந்தாள்.

முகாமன்று வரிசையில் மயங்கி விழுந்தவன்
திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க
வெறும் வயிற்றோடு ஓடிவந்தவன்.
ஸ்கேல் வைத்து ஐந்தாவது கட்டம் இழுத்தேன்:
காலையில் சாப்பிடுகிற ஆளா?
லத்தீஃபாவின் அத்தா துறைத்தலைவரிடம் சத்தம் போட்டுப் போன மறுநாள்
ஆறாவது: வீட்டுக்குத் தெரியுமா?
அப்புறம், கடைசியாகக் கொடுத்த தேதி.
அதைச் சிலர் மறைப்பார்கள்,
பயத்தால் அல்ல,
இன்னொரு முறை கொடுக்கும் ஆசையால்.

கார்த்திகை. இரவு பதினொன்றே கால்.
பெரியாஸ்பத்திரியில் பேறுகாலம்,
பேரையூர்ப் பெண், ஓ நெகட்டிவ்.
எங்கள் விடுதிக் கேட்டுக்கு ஆறரைக்கே பூட்டு.
மொட்டைமாடிப் படியில்
தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உட்கார்ந்தால்தான்
டவர் இரண்டு கோடு காட்டும்.
செயலாளர் அங்கிருந்து நாட்டை ஆண்டாள்.

நோட்டில் அந்தப் பிரிவு மொத்தம் நாலு பேர்.
ஒருவன் போன மாதம்தான் கொடுத்தவன்.
ஒருவன் நம்பர் உபயோகத்தில் இல்லை.
ஒருத்தி எனக்கு இரண்டு மாடி கீழே தூங்குகிறாள்,
எழுப்பினேன், செருப்புப் போட்டுத் தயாராக நின்றாள்,
"காலையில போங்க" என்றார் வார்டன்
சாவிக்கொத்தை மடியில் வைத்தபடி.

மிச்சம் காசிமாயன். பி.காம். இரண்டாம் ஆண்டு.
எடுத்தான். பின்னால் மூட்டை விழும் சத்தம்.
"கீழமாரட் வீதி மண்டியில இருக்கேங்கா,
பாதி லோடு இன்னும் எறக்கல."
முழு லாரி இறக்கினால்தான் கூலி.
அதை அவன் சொல்லவில்லை,
தெரியாததால் நானும் கேட்கவில்லை.
"சாப்டியா?" என்றேன். ஐந்தாவது கட்டம்.
"புரோட்டா."
யானைக்கல் தாண்டும் சைக்கிளின் மூச்சு
காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரத்த வங்கி வாசலில் அந்தப் பெண்ணின் மாமனார்
கும்பிட்டார். கும்பிட்ட கையோடு கேட்டார்,
"தம்பிக்கு எந்த ஊரு? எந்த வகையறா?"
அவன் பேசாமல் போனை அவரிடம் நீட்டிவிட்டான்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
'ஓ நெகட்டிவ் வகையறா' என்ற பதில்
மறுநாள் பல் விளக்கும்போதுதான் வந்தது.
அந்த நேரம் சொன்னது இவ்வளவே:
"ஐயா, அவன் கையெல்லாம் வெங்காயத் தூசி.
ஒரு சோப்பு வாங்கிக் குடுங்க. அப்புறம் ஒரு டீ."
கொடுத்தாராம். பன்னும் சேர்த்து.
கேள்வியை மறுபடி எடுக்கவில்லையாம்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு.

ஆண்டு விழாவில் கேடயம் கொடுத்தார்கள்.
சிறப்பு விருந்தினர் தலைமைத்துவம் என்ற சொல்லைப்
பதினொரு முறை சொன்னதாக அழகுமலை எண்ணி வைத்திருந்தான்.
காசிமாயன் வரவில்லை. லாரி.

நாளை நோட்டைக் கைமாற்ற வேண்டும்.
வாங்கப்போகிறவள் சுபாஷினிராணி, முதலாமாண்டு, சத்தமாகச் சிரிப்பவள்.
புதுக் கட்டம் இழுக்கத் தாளில் அகலம் இல்லை,
ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்:

விடுதிச் சாவிக்கு முதல்வரிடம் மனு கொடுத்திருக்கிறது,
மூன்றாவது தடவை. விடாதே.

காசிமாயன்: ராத்திரி மண்டி வேலை.
இவனைக் கடைசியாகக் கூப்பிடு.
கூப்பிட்டால் வந்துவிடுவான்.