மூணு சீட்டு

றப்பர் கடைக்காரன் கொடுத்த காலண்டரில்
ஏப்ரலைக் கிழித்து, பின்பக்கத்தில்
மூன்று கோடு போட்டேன்.

நெல்லிக்காய் அளவு இருக்க வேண்டியதாம்.
இவருக்கு நாரங்காய்.
எழுபத்திரண்டு கிராம் என்றாள் ஸ்கேன் எடுத்த பெண்.
ஒன்பது பவுன் என்று
என் மனசு தானாகக் கணக்குப் போட்டது.
என் கழுத்தில் கிடப்பது மூன்றரை.

முதல் கோட்டில் மார்த்தாண்டம்.
குழாய் வழியே கம்பி விட்டு
கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பது.
அறுபத்தையாயிரம், மருந்து தனி.
சுரண்டியதைக் குப்பியில் போட்டுச் சோதிக்க
அதுவும் தனி.
மூன்று ராத்திரி. ஆறு வாரம் வாளி தூக்கக் கூடாது.

அடுத்தது திருவனந்தபுரம், லேசர்.
ஒன்று நாற்பது.
ரத்தம் குறைவாம், மறுநாளே டியூப்பை எடுப்பார்களாம்.
மூன்று வாரத்தில் மரத்தடிக்குப் போகலாமாம்.

கடைசியில் ஆசாரிபள்ளம்.
காப்பீட்டு அட்டை இருக்கிறது, காசில்லை.
தேதி நம்முடையதில்லை.

நாலாவது கோடு வேண்டாமென்று விட்டேன்.
இவருடைய அண்ணன் தேவவரத்துக்கு
அந்தக் காலத்தில் அடிவயிற்றைக் கீறினார்கள்.
பதினாறு நாள், ஒரு எருமையின் விலை.

இனி ஷீட்டுக்கு மாற்றினேன்.
கிலோ இருநூறு என்று வைத்தால்
மார்த்தாண்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே
முந்நூற்றெழுபத்தைந்து கிலோ தூரம்.
நூற்றெண்பது மரம், வெட்டுக்கு நாலு கிலோ,
ஒருநாள் விட்டு ஒருநாள்.
அரை வருஷம் பால் வடிய வேண்டும்
ஒரு வெளிச்சத்துக்கும் ஒரு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு.

ஆனால் இவர் கிடக்கும்போது மரம் கிடக்காதே.
ஷிபுவைக் கூப்பிட்டால் மரத்துக்கு மூன்று ரூபாய்.
லேசரில் பத்து வெட்டு மிச்சம்,
ஐயாயிரத்து நானூறு திரும்பி வருகிறது.
கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.
அப்புறம்தான் ஜூன் ஞாபகம் வந்தது.
இடவப்பாதி இறங்கினால் எங்கள் மரத்தில் கத்தி வைப்பதில்லை.
வெட்டாத நாளுக்கு நஷ்டமில்லை, லாபமும் இல்லை.
அழித்தேன். தாள் கிழிந்தது.

சம்மதப் பத்திரத்தில் ஏழாவது வரியை
இவர் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார்.
நான் முந்தியே வாசித்துவிட்டேன்.
விந்து முன்னால் வராமல் பின்னால் போகலாம்,
உடம்புக்குக் கேடில்லை என்று இருந்தது.
அறுபத்தாறு வயசு ஞானாபரணம்
டாக்டரிடம் கேட்டது வேறொன்று:
"பட்டையோட நிக்குமா சார்,
கத்தி தடியில பட்டுராதே?"
டாக்டர் சென்னைக்காரர், புரியவில்லை.
எனக்குப் புரிந்தது.
அதை வரவில் எழுதவா செலவில் எழுதவா
என்று தெரியாமல் எழுதாமல் விட்டேன்.

எழுதாமல் விட்டது இன்னொன்றும் உண்டு.
ராத்திரிக்கு ஐந்து முறை கொண்டி இழுக்கும் சத்தம்.
ஐந்தாவது முறை இவர் திரும்பிப் படுப்பதில்லை,
ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய்விடுவார்.
போன மார்ச்சிலிருந்து, பதினான்கு மாசம்.
மூன்று ஆஸ்பத்திரியிலும்
என் உறக்கத்துக்கு யாரும் விலை போடவில்லை.

இப்போதும் வெளியே நிற்கிறார்.
வெட்டு முடிந்த மரத்தில்
சிரட்டை நிறைந்த பிறகு விழுகிற கடைசிச் சொட்டுகள் மாதிரி
ஒன்று. நிறுத்தம். ஒன்று.
நான் எண்ணுவது இவருக்குத் தெரியாது.
எண்பது வரை வந்தேன்.

"நீ ஒறங்கல்லியா?"
"கணக்கு."
"எது கொறவு?"

கடையாலுமூட்டு மலைப்பக்கம் இடி கேட்டது.
இந்த வருஷம் மழை முந்தும் போலிருக்கிறது.
"கதவ அடைக்காதீங்க," என்றேன்,
"இருவது நிமிஷத்துல திரும்பத் தெறக்கணும்லா."