கடைசித் தாள் இல்லாத நாவல்

சித்திரைக் கடைசியில்
மூன்றாம் நம்பர் அறையைக் கூட்டும்போது
கட்டிலுக்கடியில் கிடைத்தது.
அட்டை இல்லை, பெயர் இல்லை.
முதல் பக்கத்தில் ஒரு காபிக் கறை;
எங்கள் காபி அல்ல, நாங்கள் இவ்வளவு சிக்கரி போடுவதில்லை.
விட்டுப்போனவர்கள் கேட்டு போன் செய்யவுமில்லை.

தாண்டிக்குடியில் சீசன் என்றால் சனி, ஞாயிறு.
மற்ற நாட்களில்
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறுவதைப்
பார்த்துக்கொண்டிருப்பது என் உத்தியோகம்.
கீழே வத்தலக்குண்டில் மின்விசிறிக்கு அடியில் படித்தால்
உடம்பு குளிரும் கதை.
நான் ஸ்வெட்டருக்குள் கிடந்து படித்தேன்.

நிலம் அளக்க வருகிறான் ஒருவன்.
மலையூர். மூடுபனி. ஊரே சிரிக்கிறது,
ஊரே ஒரே அளவில் சிரிக்கிறது.
கற்பலகை நிறுத்தி, கற்பலகை மூடிய
பழைய திட்டைகள் காட்டோரம்.
திருவிழா முடிந்ததும்
எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது.

எழுதியவர் மலை ஏறியதே இல்லை.
மார்கழியில் காபி பூக்க வைத்திருக்கிறார்.
வெளியே அட்டை இல்லாத புத்தகம், உள்ளேயும் இல்லை:
அத்தனை பக்கம் ஈரக்காட்டில் நடந்தவன் காலில்
ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லை.
அவர் ஊரில் ரேஷன் கார்டு கிடையாது,
குழுக் கடன் கிடையாது,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் ஒருவரும் கிடையாது.
பலி கொடுக்க மட்டும் பிறந்த ஜனங்கள்.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
மறுநாள் பாத்திரம் கழுவியது யார்?

ஆனாலும் விளக்கை அணைக்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
வளைவிலிருக்கும் விடுதிக்காரி
அவனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்கிறாள்:
‘எத்தனை நாள் இருப்பீங்க? தனியாத்தான் வந்தீங்களா?’

மூடி வைத்தேன்.
இரண்டு கேள்வியும் என்னுடையவை.
பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன்,
ரிஜிஸ்டரில் அதற்கென்றே கட்டம் உண்டு.

புதன்கிழமை தாரகேஷ் வந்தார். கோவைப்பக்கம்,
பம்புசெட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்.
நான் வாயைத் திறக்குமுன்பே
கன்னம் தானாக இழுத்துக்கொண்டது.
எந்த அளவில் சிரிக்கிறேன் என்று
அன்றுதான் எனக்கே தெரிந்தது.
எத்தனை நாள் இருப்பீங்க?
தனியாத்தான் வந்தீங்களா?

அவரும் கல்திட்டையைத்தான் கேட்டார்.
சொன்னேன். வழி தெரிந்தவள் வேறென்ன செய்வாள்.
ஆரஞ்சுத் தோட்டம் தாண்டி வலப்பக்கம்,
காட்டுமாடு நின்றால் நீங்களும் நில்லுங்க.

போய்வந்தவர் தேநீரைத் தொடவில்லை.
‘போகும்போது ஏழு. திரும்பும்போது எட்டு.’
‘பனியில அப்படித்தான் தெரியும்.
எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க.’

எல்லாரும் என்றால் யார்?
ராத்திரி ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
வந்த தேதிகள் அவரவர் கையெழுத்தில்.
போன தேதிகள் அத்தனையும்
என் கையெழுத்தில்.

இன்று மாலை மறுபடி எண்ணப் போனார்.
டார்ச் ஒன்று கொடுத்தனுப்பினேன்.
நாவலின் முடிவைத் தேடினால் கடைசித் தாள் இல்லை.
சமையற்கட்டில் சின்னாண்டி
பஜ்ஜிக்கு எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தான்,
தாளில் எழுத்துகள் இருபக்கமும் கலந்து ஊறியிருந்தன.
‘கிழிக்கிறதுக்கு முன்னாடி படிச்சியாடா?’
‘படிச்சேன்.’
‘முடிவு என்ன?’
கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினான்.
‘ராத்திரிக்கு எத்தனை பேருக்கு உலை வைக்க?’

ஜன்னலுக்கு வந்தேன்.
வளைவில் டார்ச் வெளிச்சம் ஏறி வருகிறது.
ஒன்று.
பனி விலகும்போது அதற்குப் பின்னால்
இன்னொன்று, சற்றுத் தாழ்வாக.

‘இரு,’ என்றேன்,
‘எண்ணிக்கிட்டிருக்கேன்.’