பக்கம் நூற்று எண்பத்தேழு

கெமியில் பிப்ரவரி.
நாலரை மணிக்கே நூலகச் சன்னலில்
எங்கள் முகம்தான் தெரியும், தெரு தெரியாது.
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக்
காலுறையோடு வந்து உட்காருவோம்.
வென்லாவின் காலுறைகள்
என்றைக்கும் ஜோடி சேர்ந்ததில்லை.
ஐந்து பேர், ஒரே நாவல்,
ஒரு தட்டில் நேற்றைய இலவங்கப்பட்டை ரொட்டி.

வில்ஹோ ஆரம்பித்தான். அவன்தான் ஆரம்பிப்பான்.
"கஷ்டம் இருநூத்திப் பன்னிரண்டு பக்கம்.
தீர்வு ஒம்பதே பக்கம். எண்ணிப் பாத்தேன்.
வேலை போன அந்த அப்பா
சமையலறையில நின்னு அழறார்,
பையனைக் கட்டிப் பிடிக்கிறார்.
யாரு அப்படிச் செய்வாங்க?
ஆலை மூடின அன்னிக்கு எங்கப்பா
பனி வாரினார்.
எங்க வாசல், பக்கத்து வீட்டு வாசல்,
அதுக்கும் அந்தப் பக்கம்
ஆளே இல்லாத வீட்டு வாசல்."

ஈரிஸ் சிரித்துவிட்டாள்.
சிரிக்கக் கூடாதோ என்று
அவசரமாக ரொட்டியைக் கடித்தாள்.
வில்ஹோ புத்தகத்தை முகர்ந்தான்.
"இந்தத் தாள் எங்க ஆலையில வந்ததா இருக்கும்."
"லாட்வியாவில அச்சடிச்சதுன்னு போட்டிருக்கு"
என்றாள் வென்லா.
"அச்சுதானே அங்க" என்றான் அவன், விடாமல்.

வென்லாவுக்கு நாவல் பிடித்தது
குளிர்பெட்டிக்காக.
கடுகுக் குப்பியும் பாதி எலுமிச்சையும் தவிர
ஒன்றுமில்லாத அதைத் தம்பி திறக்கிறான், மூடுகிறான்,
கொஞ்சம் கழித்து மறுபடி திறக்கிறான்.
"ரெண்டாந்தரம் திறக்கிறான் பாருங்க.
அது எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.
அட்டையில் மூன்று வரி எழுதி
அலமாரியில் செருகுவது என் வேலை.
பாதி நாவலை அப்பா வீட்டில் படித்தேன்.
அங்கேயே மறந்து வைத்துவிட்டு
அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.
முடிவு தெரியாமல் ஒரு வாரம்.
அந்த வாரம்தான் கதை நன்றாக இருந்தது.
இதை நான் சொல்லவில்லை.

சாய்மி அதுவரை பேசவில்லை.
"அந்த இடம் தப்பு" என்றாள்.
எந்த இடம்?
"அக்கா போத்தலைத் தொட்டியில கொட்டுறா இல்ல,
அம்மா கதவுல சாஞ்சு நின்னு பாக்கறாங்க,
ரெண்டு பேரும் அழறாங்க, அத்தியாயம் முடியுது."
"அதுதான் உச்சம்" என்றாள் ஈரிஸ்.
"அங்க முடியாது.
கொட்டினா, கடை மூட இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்.
அவங்க காரை எடுப்பாங்க.
ரோடு பூரா பனிக்கட்டி.
கொட்டக் கூடாது. அப்படியே விட்டுடணும்.
காரோட சாவியைத்தான் ஒளிக்கணும்."

ஹீட்டர் எங்கோ டொக் டொக் என்றது.

"மத்தபடி நல்ல புத்தகம்" என்றாள்,
சந்தையில் மீன் எடை குறைவென்று சொல்லும் குரலில்.
"ஒரு நட்சத்திரம் குறைச்சுக்கோ."

வில்ஹோ தன் ரொட்டியை
அவள் பக்கம் நகர்த்தினான்.
அவள் அதைத் தின்றாள்.
அடுத்த மாதப் புத்தகத்துக்கு ஓட்டுப் போட்டோம்.
எல்லாரும் டிராகன் கதைக்கே கை தூக்கினோம்.

அட்டையில் என்ன எழுத?
"உருக்கமானது" என்று எழுதி அடித்தேன்.
"உண்மைக்கு நெருக்கமானது" என்று எழுதி
"நெருக்கம்" வரை வந்து நின்றுவிட்டேன்.
கடைசியில் குளிர்பெட்டியைப் பற்றி இரண்டு வரி,
மூன்றாவது வரியில் நட்சத்திரம் நான்கு.

மார்ச்சில் ஒரு நாள், ஏனோ,
அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினேன்.
நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில்
கொட்டுகிற அந்த வரிக்கு அடியில்
பென்சிலில், மிகச் சின்னதாக:
சாவி.
அதன் கீழே வேறொரு கையெழுத்து, நீல மையில்:
எங்கே ஒளிப்பது?
அதற்கும் கீழே, மூன்றாவது கையெழுத்தில்,
அழுத்தி எழுதியிருந்தது:
பூட்ஸுக்குள்ளே. உன்னுடையதில்.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது.
அழிரப்பர் என் பையில் இருந்தது.
கடன் வாங்கி, அப்பா வீட்டுக்கு எடுத்துப்போய்,
இரண்டு நாள் தாமதமாகத்
திருப்பிக் கொடுத்தேன்
அப்படியே.