தைக்க வேண்டாம்

மருத்துவர் இருப்பது விரிகுடாவுக்கு அந்தப் பக்கம்.
தொலைபேசியில், டேனிஷில், ஒரு பெண்குரல்:
"தைக்க வேண்டாம். திறந்தே இருக்கட்டும்.
மேலே மூடினால் உள்ளே சீழ் கட்டும்."

இவாலு மயிரை மழிக்கிறாள்.
வெளியே மிளகளவு இரண்டு துளை.
உள்ளே எவ்வளவு தூரமென்று
பல்லுக்குத்தான் தெரியும்.
உப்புநீரை சிரிஞ்சில் இழுத்துப் பீய்ச்ச
இளஞ்சிவப்பாய் வழிகிறது
சமையலறைத் தரையில் விரித்த செய்தித்தாளில்
போன வார வானிலை மீது.

ஒருமுறை அவள் மணிக்கட்டைக் கவ்வியது நாய்.
அழுத்தவில்லை.
வாய்க்குள் இருப்பது யார் கையென்று
யோசித்ததுபோல் நின்று,
விட்டது.

சுவருக்கு வெளியே சங்கிலியில்
கடித்தவன் ஊளையிடுகிறான்.
ஒரே ஈற்றில் பிறந்த தம்பி.
சண்டை ஒரு ஹாலிபட் தலைக்கு.

பத்து நாள் ஆகும் என்றது குரல்.
பத்து நாளில் கடல் உறைந்துவிடும்.
ஒரே சறுக்குவண்டியில், அருகருகே,
தோள் உரச ஓட வேண்டியவர்கள்.

இவாலு கை கழுவுகிறாள்.
மீன்வாளியோடு இருட்டில் இறங்குகிறாள்.
முதல் துண்டை அவனுக்குத்தான் எறிகிறாள்,
திட்டிக்கொண்டே,
பெரிய துண்டாகப் பார்த்து.