மூடிய காலணி கட்டாயம்

மாதனூர் தாண்டிப் பாலாறு அகலும் இடத்தில்
டிராக்டர் விட்டு மணலைச் சமன் செய்து
சுண்ணாம்புக் கோடு இழுத்திருக்கிறோம்.
தண்ணீர் வந்தால் ஆறு,
வராதவரை மைதானம்.
எட்டுக் குதிரைகள். ஒன்பதாவதற்கு வயிற்றுவலி.
வாசலில் சீட்டுக் கிழிப்பவன் நான்.

போன வருடம் இருநூற்றுப் பதினொரு தலை.
எண்ணினேன், வேறு வேலை இல்லை.
கருப்பு முடி நாற்பது தேறாது,
அதிலும் பாதி
பாக்கெட்டில் வாங்கிய கருப்பு.

கமிட்டி கூடியது. டீ இரண்டு சுற்று.
பசங்க ஏன் வருவதில்லை?
செல்போன், என்றார் ஒருவர்.
எருது விடுறப்ப மட்டும் செல்போன் இல்லையா,
என்றார் பின்னாலிருந்து இன்னொருவர்.
அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
செயலாளர் ஜம்புலிங்கம்
ஊட்டிப் பந்தயத்துக்கு ஒருமுறை போய்
தொப்பி வைத்த பெண்களைப் பார்த்து வந்தவர்.
மரியாதை இல்லாத எடத்துக்கு எவன் வருவான், என்றார்.
மறுநாளே ஃபிளெக்ஸ் தொங்கியது:

லுங்கி கூடாது.
அரைக்கால் சட்டை கூடாது.
முட்டி கிழிந்த ஜீன்ஸ் கூடாது.
மூடிய காலணி கட்டாயம்.
கீழே, சிவப்பில், பெரிதாக:
இளைஞர்களே, வருக!

ஞாயிற்றுக்கிழமை. வேலூர் வெயில்,
பாறைக்கும் வியர்க்கும்.
பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.
ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ
வரிசையாகக் கால்கள்,
மடித்துக் கட்டிய லுங்கிகள்,
ஓசி விசில்.

அதில் மூன்று பேர் இறங்கி வந்தார்கள்.
முதல் ஆள் பழுப்பு பேன்ட், கான்வாஸ் ஷூ.
கிழித்தேன்.
தகர வேலிக்கு மேலே ஏதோ பறந்தது.
இரண்டாம் ஆள் பழுப்பு பேன்ட், கான்வாஸ் ஷூ.
கிழித்தேன்.
மூன்றாமவனுக்கு அது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.
வணக்கம் தம்பி, என்று
அந்த பேன்ட்டை மூன்றாம் முறையும் வரவேற்றேன்.

இரண்டு மணிக்கு ஷூ கம்பெனி வேன் நின்றது.
ஓவர்டைம் முடித்த பதினொரு பெண்கள்,
விரல் நுனியில் பசை வாசம்,
காலில் ரப்பர் செருப்பு.
குதிரை பாக்கணும்ணே, என்றாள் தில்ஷாத்.
நான் பேசவில்லை. ஃபிளெக்ஸைக் காட்டினேன்.
எஸ்தர்கலா உரக்கப் படித்தாள்.
கடைசி வரியில் எல்லோரும் சிரித்தார்கள்,
இளைஞர்களே வருக என்பது சிரிப்பென்று
அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

இன்னா சத்தம் அங்க, என்று
ஜம்புலிங்கம் வந்தார்.
தேன் நிற ஷூ பளபளத்தது.
தில்ஷாத் குனிந்தாள்.
காலைத் தொடப் போகிறாள் என்று
அவர் ஆசீர்வாதத்துக்குக் கை தூக்கினார்.

சார், இது எங்க லைன்.
இடது கால், உள்பக்கம், மூணாவது தையல் உட்டுப்போச்சு.
செக்கிங்ல தள்ளினது.
நல்ல ஜோடி கப்பல்ல போச்சு,
இது கேட்டாண்ட கவுண்டர்ல
முன்னூத்தம்பது.
இத மாட்டிக்கினுதான் அங்க குதிரை பாக்குறாங்களாம், சார்.

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இடது காலை மெல்லத் தூக்கிப் பார்த்தார்,
லாடக்காரன் முன்னால் நிற்கும்
குதிரையின் பொறுமையோடு.

அதற்குள் வெடி போட்டுவிட்டார்கள்.

வாசலில் யார் நின்றார்கள், யார் தடுத்தார்கள்
என்று என்னைக் கேட்காதீர்கள்.
நானும் ஓடினேன்.
பதினொரு பெண்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
கொதிக்கும் மணலில் துள்ளித் துள்ளி.
பாலத்திலிருந்து லுங்கிகள் சரிவில் இறங்கின.
குதிரை மேல் இருந்த எட்டுப் பேரில்
எவன் காலிலும் எதுவும் இல்லை.
செம்பட்டை முந்தியது, பிறகு வெள்ளைக் காது,
பிறகு புழுதி மட்டும்.
புழுதிக்குள் எஸ்தர்கலாவின் குரல்:
உடு உடு உடு!

சாயங்காலம் கணக்கு எழுத உட்கார்ந்தேன்.
வந்தவர்கள் என்ற கட்டத்தில்
பேன்ட் ஒன்று, ஆள் மூன்று என்பதை
எப்படி எழுதுவது?
எதிரில் ஜம்புலிங்கம்
ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார்.
வலதில் ஒன்றுமில்லை.
இடதிலிருந்து
வந்துகொண்டே இருந்தது
மணல்.